டர்போ காரில் பிக்கப் போனால்: நீல நிற ஓபிடி டாங்கிள் எதுவரை உதவும்?

பி0299 என்ற கோளாறுக் கோடு (எண்) ஸ்கேனரில் வந்தால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ‘நான் கேட்ட காற்றழுத்தம் வரவில்லை’ என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ புகார் சொல்கிறது. ஏன் வரவில்லை என்பது அதற்கே தெரியாது. கிழிந்த இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸ், கழன்ற கிளாம்ப், எலி கடித்த வேக்குவம் குழாய், ஒட்டிக்கொண்ட ஆக்சுவேட்டர் (டர்போ அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இயக்கி), திறந்தபடி கரிபிடித்து நின்றுபோன ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்புவது) என எதுவானாலும் இதே கோடு வரலாம். முதல் மூன்றும் நூறுகளில் முடிகிற வேலை. டர்போ மாற்றுவது பல ஆயிரம் ரூபாய் செலவு, சில வண்டிகளுக்கு லட்சத்தை நெருங்கும். கோடு எண்ணை மட்டும் படித்துவிட்டு நேரே டர்போவுக்கு எஸ்டிமேட் போடுகிற பழக்கம் ஊரில் இருக்கிறது. அதற்கு முன்னால் வண்டிக்காரர் தானே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் இந்த ரிவ்யூவின் கேள்வி.

ரிவ்யூவுக்கு எடுத்துக்கொண்டது ஆன்லைனிலும் ஸ்பேர்ஸ் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் டாங்கிள். காரின் ஓபிடி சாக்கெட்டில் சொருகினால் ஈசியூ சொல்வதைப் போனில் காட்டும். கூடவே கையால் அழுத்தும் வேக்குவம் பம்ப், ஹார்டுவேர் கடைச் சாமானில் செய்துகொள்ளும் லீக் டெஸ்டர். டாங்கிளுக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தத் தெரிந்தால் நான்கரை.

எதை வாங்குவது

ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த சிப்பின் பெயர். சந்தையில் கிடைக்கும் மலிவு டாங்கிள்கள் அனேகமாக எல்லாமே அதன் நகல்கள். பெட்டியில் ‘வி1.5’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நல்லது என்று பலர் வாங்குகிறார்கள். அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ‘வி2.1’ என்ற பதிப்பு அசலில் உண்டு, ஆனால் தீப்பெட்டி அளவு நீல டாங்கிளில் அச்சிட்டிருக்கும் 2.1 வெறும் எழுத்து. உள்ளே இருப்பது பாதி கட்டளைகளுக்குப் பதில் சொல்லாத சிப். கேன் நெட்வொர்க்கில் பேசும் புது வண்டிகளில் அது எப்படியோ ஓட்டிவிடும். கே-லைனில் பேசும் பழைய டீசல் வண்டிகளில் இணைப்பே கிடைக்காமல் சுற்றும், அல்லது பாதி ஓட்டத்தில் அறுந்துவிடும்.

விளம்பரத்தில் ‘25கே80 சிப்’ என்று குறிப்பிட்டு விற்கும் இரண்டு போர்டு கொண்ட டாங்கிள் கொஞ்சம் விலை கூட, ஆனால் அதைத்தான் வாங்க வேண்டும். வருஷக்கணக்கில் பயன்படுத்துவதாக இருந்தால் விகேட் நிறுவனத்தின் வி-லிங்கர், அதற்கும் மேலே ஓபிடிலிங்க் என்று போகலாம். வேகத்தில் நகல்கள் இவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய வகை ப்ளூடூத் டாங்கிள் ஐபோனோடு சேராது. ப்ளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கியதும் முதலில் டாங்கிளையும் மேப் சென்சாரையும் சோதிக்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஆப்பில் மேப் அளவைப் பாருங்கள். மேப் என்பது இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள காற்றின் முழு அழுத்தம். இன்ஜின் நிற்கும்போது அது வெளிக்காற்றழுத்தமாகத்தான் இருக்க முடியும். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் இங்கே கணக்கு சுலபம்: மே, ஜூனில் 100 கிலோபாஸ்கல், டிசம்பர், ஜனவரியில் 101. பெங்களூரு, ஊட்டிக்காரர்கள் போல உயரத்துக்குக் கழித்துப் பார்க்கும் வேலை இல்லை. 92 அல்லது 108 காட்டினால் டாங்கிளைத் திட்டாதீர்கள். அது மேப் சென்சாரோ அதன் கனெக்டரோ தவறு என்பதற்கான முதல் துப்பு. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத் தெருவில் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு சென்சார் பின்களில் பச்சை பூத்திருப்பது சாதாரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் திரும்பப் பாருங்கள். பேட்டரி வோல்டேஜை மட்டும் டாங்கிளை நம்பிப் பார்க்க வேண்டாம். நகல்கள் அரை வோல்ட் வரை தப்பாகச் சொல்லும், அதற்கு மல்டிமீட்டர் இருக்கிறது.

ஆப்பில் ‘கார் ஸ்கேனர்’, ‘டார்க் ப்ரோ’ இரண்டும் போதும். முதலாவதில் வண்டி பிராண்டுக்கென்று தனி புரொஃபைல் இருப்பதால் சில வண்டிகளில் டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அளவுகள்கூட வரும். கிராஃபாகச் சேமிக்கும் வசதி இல்லாத ஆப் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

ஸ்கேனரைச் சொருகுவதற்கு முன்

‘வண்டி இழுக்கல’ என்று சொல்லப்படும் எல்லாமே டர்போ கோளாறு ஆகாது. பேசின் பிரிட்ஜிலிருந்து மூலக்கடை வரை முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து போகும் வண்டியில் கிளட்ச் தேய்ந்திருக்கும். அப்போதும் பிக்கப் இல்லாதது போலத்தான் தெரியும். இதற்கு டாங்கிள் அருமையாக உதவும். மூன்றாவது கியரில் ஆர்பிஎம்மையும் வேகத்தையும் சேர்த்துப் பதியுங்கள். 40 கிலோமீட்டரில் 2,000 ஆர்பிஎம் இருந்தால், 60-இல் சரியாக 3,000 இருக்க வேண்டும். மிதிக்கும்போது 3,500-க்கு எகிறி, வேகம் பின்னால் நொண்டி வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ பக்கமே போக வேண்டாம்.

அடுத்து பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு சக்கரங்களின் நடுவிலும் கை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள், ரோட்டரைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் கேலிப்பர் பிடித்திருக்கிறது.

ஏர் ஃபில்டர்: கம்பெனி அட்டவணை சொல்லும் கிலோமீட்டரை மணலி, எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் நிலக்கரித் தூளும் அப்படி. ஃபில்டரைக் கழற்றியபோது பெட்டிக்குள் இலையோ, எலி கொண்டுவந்து போட்ட பஞ்சோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியென்றால் ஃபில்டர் நனைந்து காய்ந்திருக்கும். காய்ந்த பின்பும் காகிதம் சுருங்கிக் காற்றை விடாது. தட்டி ஊதிப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

ஏசியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினில் ஏசி எடுத்துக்கொள்ளும் சக்தி காலுக்குத் தெரியும் அளவு. அது கோளாறு ஆகாது.

எதைப் பதிவது, எங்கே ஓட்டுவது

கேன் வண்டியில் நகல் டாங்கிள் வினாடிக்குப் பத்துப் பதினைந்து வாசிப்புதான் எடுக்கும், கே-லைனில் அதிலும் கால்பங்கு. திரையில் அழகாக இருக்கிறது என்று பன்னிரண்டு மீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். மூன்றாவது கியரில் 1,500-இலிருந்து 3,500 வரை ஒரு மிதி மிதிப்பது சில வினாடி வேலை, அதற்குள் அழுத்தம் விழுந்த இடம் கிராஃபில் தப்பிவிடும். முதல் ஓட்டத்தில் ஆர்பிஎம், மேப், மாஃப் மூன்று மட்டும் போதும். மாஃப் என்பது உள்ளே போகும் காற்றின் எடை, வினாடிக்கு இத்தனை கிராம் என்று வரும். இரண்டாவது ஓட்டத்தில் ஆர்பிஎம், ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்), பெடல் அளவு.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே இதைச் செய்யப் போகாதீர்கள். மீஞ்சூர் முனையில் தொடங்கும் வெளிவட்டச் சாலை விடியற்காலையில் வசதி. இருவர் போக வேண்டும், ஒருவர் ஓட்ட, ஒருவர் போனைப் பார்க்க. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபின் மூன்றாவது கியரில் 1,500-க்கு இறக்கி, பெடலை முழுக்க மிதித்து, 3,500 வந்ததும் விட்டுவிடுங்கள். வேகம் 80-ஐத் தாண்டத் தேவை இராது.

இங்கே டாங்கிளின் ஒரு எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். பொது ஓபிடியில் மேப் அளவு ஒரே பைட்டில் வருவது. அதனால் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் அது காட்டாது. நல்ல நிலையிலுள்ள பெரிய டீசல் இன்ஜின் அதைத் தாண்டும். கிராஃப் 255-இல் தட்டையாக நின்றால் அழுத்தம் கட் ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். அளவுகோல் முடிந்துவிட்டது.

பதின்மூவாயிரம் கணக்கு

காசு மிச்சப்படுத்துகிற இடம் இதுதான். இன்ஜின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, மேப் கிலோபாஸ்கலால் பெருக்கி, 13,000-ஆல் வகுங்கள். உள்ளே போகும் காற்று சுமார் 50 டிகிரி, சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்ற ஊகத்தில் வினாடிக்கு எத்தனை கிராம் காற்று போக வேண்டும் என்பது வந்துவிடும்.

1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட்டிலிருந்து இண்டிகா விஸ்டா வரை ஊரெல்லாம் ஓடும் இன்ஜின், கொள்ளளவு 1,248 சிசி. 3,000 ஆர்பிஎம்மில் மேப் 200 இருந்தால் 1.248 × 3,000 × 200 ÷ 13,000, அதாவது சுமார் 58 கிராம். 800 ஆர்பிஎம் ஐட்லில், ஈஜிஆர் மூடியிருந்தால், எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மாஃப் சென்சார் காட்டுவதை இதோடு ஒப்பிட வேண்டும். பத்துச் சதவீதம் முன்பின் இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். இருபதைத் தாண்டினால் பேச்சு இருக்கிறது.

மேப் குறைவு, ஆனால் மாஃப் கணக்கைவிட அதிகம் என்றால், டர்போ காற்றை இழுத்து அனுப்புகிறது, இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கோ ஒழுகுகிறது. டீசலில் இதற்குக் கூடவே கரும்புகை வரும். ஏனென்றால் மாஃப் எண்ணிய காற்றுக்கு ஏற்ப ஈசியூ டீசலை ஊற்றுகிறது, அந்தக் காற்றில் பாதி வழியில் போய்விட்டது. மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்ற சத்தமும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

மேப்பும் குறைவு, மாஃப் கணக்கோடு ஒத்துப்போகிறது என்றால் டர்போவே அழுத்தம் உண்டாக்கவில்லை. ஆக்சுவேட்டர், வேக்குவம், வேஸ்ட்கேட் (அழுத்தம் மிகாமல் புகையை டர்போவுக்கு வெளியே திருப்பும் கதவு), அடைத்த ஏர் ஃபில்டர் என்று தேட வேண்டும். டர்போ சுழலி உடைந்திருப்பதும் இந்த வரிசையில் உண்டு, ஆனால் கடைசியில்.

மேப் நன்றாக இருக்கிறது, மாஃப் கணக்கைவிட மிகக் குறைவு. இதற்கு நான்கு காரணம் இருக்கலாம். மாஃப் சென்சார் அழுக்காகிக் குறைத்துக் காட்டுகிறது. ஈஜிஆர் மூடாமல் புகை இடத்தை அடைக்கிறது. மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவில் ஹோஸ் கிழிந்து எண்ணப்படாத காற்று உள்ளே போகிறது. இல்லையென்றால் சைலன்சர் பக்கம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ டிபிஎஃப்போ அடைத்து, உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லை. டீசலில் மாஃப் குறைத்துக் காட்டினால் ஈசியூ டீசலையும் குறைத்துவிடும், எனவே புகையே இல்லாமல் வண்டி மந்தமாகும். பல டீசல்களில் மாஃப் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டினால் ஈசியூ மாற்று அளவுக்குப் போய்விடும். வண்டி சட்டென்று உயிர்த்தால் சென்சார்தான் குற்றவாளி. சென்சாரை மாஃப் கிளீனரால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். கார்புரேட்டர் ஸ்ப்ரே, துணி, விரல் மூன்றும் உள்ளேயிருக்கும் மெல்லிய தகட்டை ஒழித்துவிடும்.

இரண்டும் சரியாக இருக்க இழுவை மட்டும் இல்லையென்றால் காற்றுப் பக்கத்தை விட்டுவிடலாம். எரிபொருள், இக்னிஷன், அல்லது மேலே சொன்ன கிளட்ச், பிரேக்.

டர்போ பெட்ரோலில் ஒரு நுணுக்கம் உண்டு. த்ராட்டிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அழுத்த சென்சார்கள் இருக்கும். முன்னால் அழுத்தம் இருந்து பின்னால் இல்லாவிட்டால் த்ராட்டில் திறக்கவில்லை. ஈசியூவே வேறு ஏதோ காரணத்துக்காக இன்ஜினைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடுங்கள், டர்போவை விட்டுவிடுங்கள்.

லீக் டெஸ்டர்

ஒழுகும் இடத்தைப் புகைவிட்டுக் காட்டும் ஸ்மோக் மெஷின் கடையில் உண்டு, ஆனால் இந்த வேலைக்குக் கையால் செய்ததே போதும். டர்போவின் காற்று வாய்க்குப் பொருந்தும் அளவில் பிவிசி எண்ட் கேப் ஒன்று, பெரும்பாலான சின்ன கார்களுக்கு 50 அல்லது 63 மில்லிமீட்டர். அதன் நடுவில் துளைபோட்டு ஒரு டியூப்லெஸ் வால்வு. பொருத்த ஒரு துண்டு ஹோஸ், இரண்டு கிளாம்ப். பாரிமுனைத் தெருக்களில் ஒரே நடையில் எல்லாம் வாங்கிவிடலாம்.

இன்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, டர்போ வாயில் கேப்பை மாட்டி, அந்த வழியில் சேரும் பிரீதர் குழாயை (கிராங்க்கேஸ் ஆவி வரும் குழாய்) அடைத்து, காற்று ஏற்றுங்கள். 10 பிஎஸ்ஐ போதும், 15-ஐத் தாண்டவே கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரஸரை ரெகுலேட்டர் இல்லாமல் நேரே வைத்தால் கேப் தோட்டா மாதிரி பறக்கும், இன்ஜின் ஆயில் சீல்களும் பிதுங்கும். கேப்புக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். காரில் வைத்திருக்கும் 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் மெதுவாக ஏற்றும், அதனாலேயே பாதுகாப்பு.

சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் ஊற்றுங்கள். பெரிய ஓட்டையென்றால் அழுத்தமே ஏறாது, காதே போதும். ஆயில் ஊற்றும் மூடிப் பக்கமும் சைலன்சரிலும் மெல்லியதாகக் காற்று சீறுவது இயல்பு, வால்வுகள் வழியே கொஞ்சம் போகத்தான் செய்யும். கவனிக்க வேண்டிய இடங்கள்: இன்டர்கூலர் ஹோஸ் முழங்கையின் உள்வளைவு, வேகமாக மாட்டும் வகை கிளிப்பின் ஓ-ரிங், இன்டர்கூலரின் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு. டெஸ்டர் கைக்கு வரும் முன்பே கண்ணுக்கு ஒரு துப்பு கிடைக்கும். ஒழுகும் இடத்தில் ஆயில் ஈரத்தில் புழுதி ஒட்டிக் கறுத்த தடம் இருக்கும். ஹோஸை வளைத்துப் பாருங்கள், சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டு அழுத்தம் வந்தால் மட்டும் வாய் திறக்கும் வெடிப்புகள் அப்போதுதான் தெரியும்.

இன்டர்கூலர் பைப்பில் மெல்லிய ஆயில் பூச்சு இருந்தால் கவலை வேண்டாம், கிராங்க்கேஸ் ஆவி கொண்டுவருவது அது. சாய்த்தால் கொட்டும் அளவு தேங்கியிருந்தால் டர்போ சீலையும் ஆயில் திரும்பும் குழாயையும் பார்க்க வேண்டும். ஹோஸ் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் ரப்பரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். புழுத் திருகு கிளாம்பை வெறிகொண்டு இறுக்கினால் அது ஹோஸையே வெட்டும். டி-போல்ட் கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, அடுத்த முறை கழலாது.

வேக்குவம் பம்ப்

விஜிடி டர்போ (உள்ளே நகரும் இறக்கைகள் கொண்ட வகை) உள்ள டீசல்களில் பலவற்றில் ஆக்சுவேட்டர் வேக்குவத்தால் இயங்குவது. வேக்குவம் கிடைத்தால் உள்ளே இருக்கும் இறக்கைகள் மூடி, குறைந்த ஆர்பிஎம்மிலேயே அழுத்தம் ஏறும். வேக்குவம் இல்லாவிட்டால் இறக்கைகள் திறந்தே நின்று கீழ்முனை (குறைந்த ஆர்பிஎம் இழுவை) செத்துவிடும். எனவே அறிகுறியே பாதி சொல்லிவிடும். தொடக்கத்தில் இருந்தே மந்தம் என்றால் வேக்குவம் போயிருக்கிறது அல்லது இறக்கைகள் திறந்த நிலையில் ஒட்டியிருக்கின்றன. நன்றாக இழுத்து, 2,500-க்கு மேல் திடீரென்று கட் ஆகி, சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிடுகிறது என்றால் மூடிய நிலையில் ஒட்டி, அழுத்தம் எகிறி, ஈசியூ லிம்ப் மோடுக்கு (இன்ஜினைக் காக்கச் சக்தியைக் குறைக்கும் நிலை) போயிருக்கிறது. அதற்குப் பி0234 வரும்.

கைப்பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி 500 மில்லிமீட்டர் மெர்க்குரி அளவுக்கு இழுங்கள். தண்டு இடறாமல் வழுக்கி நகர வேண்டும், முள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்துள்ளது. தண்டு விக்கி விக்கி நகர்ந்தால் இறக்கைகளில் கரி. ஆக்சுவேட்டர் பக்கம் சரியென்றால் இன்ஜினை ஓடவிட்டு, இன்ஜினின் வேக்குவம் பம்பிலிருந்து வரும் குழாயில் கேஜை மாட்டுங்கள். ஐட்லில் 600-க்கு மேல் வர வேண்டும். அங்கே வந்து, சொலினாய்டுக்கு (ஈசியூ சொல்படி வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) பின்னால் வராவிட்டால் சொலினாய்டோ அதன் குட்டி ஃபில்டரோ. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் தெருவில் நிறுத்தும் வண்டிகளில் குழாயை எலி கடித்திருக்கிறதா என்று முதலிலேயே விரலால் தடவிவிடுங்கள், பம்ப் வாங்கும் செலவு மிச்சமாகலாம்.

விஜிடி இல்லாத, காற்றழுத்தத்தால் திறக்கும் வேஸ்ட்கேட் உள்ள பழைய டர்போவில் நிலைமை தலைகீழ். அந்தச் சின்னக் குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, அழுத்தம் எகிறும். குழாய் கழன்றதும் ‘அட, வண்டி பறக்குது’ என்று மகிழ்ந்து அப்படியே ஓட்டினால் இன்ஜினுக்குத்தான் கேடு.

எரிபொருள், சூடு, புகைபோக்கி

காமன் ரயில் டீசலில் ஐட்லில் ரயில் பிரஷர் 250 முதல் 350 பார் சுற்றி நிற்கும். முழு மிதியில் ஆயிரத்தைத் தாண்டி ஏறி நிலைக்க வேண்டும். ஏறிக்கொண்டே வந்து பாதியில் சரிந்தால் டீசல் ஃபில்டர், தொட்டியிலிருந்து வரும் லைன், பம்பின் ரெகுலேட்டர், இன்ஜெக்டர் ரிட்டர்ன் என்ற வரிசையில் பாருங்கள். ஃபில்டர் அடியில் உள்ள தண்ணீர் வடிகாலை முதலில் திறந்துவிடுங்கள். ஈசியூ எவ்வளவு பிரஷர் கேட்டது என்பதைப் பொது ஓபிடி பெரும்பாலும் சொல்லாது, கிடைத்தது எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும். நகல் டாங்கிளின் இன்னொரு சுவர் இது.

டர்போ பெட்ரோலில் மிதிக்கும்போது மட்டும் உதறினால் ஸ்பார்க் பிளக் இடைவெளியைப் பாருங்கள். சாதாரண இன்ஜினைவிடச் சிறியது, பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. அழுத்தம் கூடும்போது அகன்ற இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்குத் தெம்பிருக்காது.

கோடையில் மூலக்கடை சந்திப்பில் நின்று கிளம்பும்போது இன்டேக் காற்றின் சூடு 60, 70 டிகிரி காட்டி வண்டி சோம்பினால் அது இயல்பு. மாதவரம் மேம்பாலம் தாண்டி ஐந்து நிமிடம் 60-இல் ஓட்டியும் வெளிச்சூட்டைவிட 30 டிகிரிக்கு மேல் நின்றால் இன்டர்கூலர் முகப்பில் சேறோ பாலிதீன் பையோ ஒட்டியிருக்கிறது. பம்பருக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிஎஸ்6 டீசல் வைத்துக்கொண்டு ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே மட்டும் ஓட்டுபவர்களுக்கு டிபிஎஃப் தனிப் பாடு. கரி எரிந்து தீர்வதற்குத் தொடர்ந்து பதினைந்து இருபது நிமிடம் 60-க்கு மேல் ஓட வேண்டும், அந்தத் தெருக்களில் அது நடக்காது. கரி மிகுந்துவிட்டது என்று சொல்லும் பி2463 வந்தால் அழிக்காமல் வெளிவட்டச் சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் கட்டாய ரீஜெனரேஷன் (கரியை எரித்துத் தீர்ப்பது) செய்ய வேண்டும், டாங்கிளால் முடியாது. பெட்ரோலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் என்றால் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் உள்ளே அடைப்பு.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது

கோடு எண்ணை நீங்களே அழித்துவிட்டுப் போகாதீர்கள். கோடு விழுந்த நொடியின் ஆர்பிஎம், வேகம், லோடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிந்திருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 1,800 ஆர்பிஎம், 90 சதவீத லோடு என்று இருந்தால் கீழ்முனைக் கோளாறு என்பது மெக்கானிக்குக்கு உடனே புரியும். கம்பெனி ஸ்கேனருக்குக் கொடுக்கும் பணத்துக்கு மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஆக்சுவேட்டர் டெஸ்ட், கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒரே கிராஃபில், இன்ஜெக்டர் கரெக்‌ஷன் அளவுகள். இவை எதுவும் இல்லாமல் டர்போ மாற்றச் சொன்னால், ஹோஸைக் கழற்றி விரலால் சுழலியின் அச்சைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கும், ஆயில் படலத்துக்கு விட்ட இடம் அது. முன்பின்னாக ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ மாற்றும் பேச்சு.

கடைசியாக டாங்கிளைப் பற்றி ஒரு விஷயம். ஓபிடி சாக்கெட்டின் பதினாறாவது பின்னில் சாவி இல்லாமலே எப்போதும் பேட்டரி மின்சாரம் உண்டு. சொருகியே வைத்தால் மலிவு டாங்கிள் நாளொன்றுக்கு ஓர் ஆம்பியர்-மணி அளவுக்குக் குடித்துவிடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி பழசாக இருந்து, வண்டி ஒரு வாரம் நின்றால், காலையில் ஸ்டார்ட்டர் முனகும். வேலை முடிந்ததும் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.